ஆர்கன் இசைக்கு உரியவர் யார்? 1967-இன் ஒரு காதல் பாடலும் 42 ஆண்டுகள் தீராதிருந்த உரிமைச் சிக்கலும்

‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ 1967 மே மாதம் லண்டனில் வெளியானது. புரோகல் ஹேரம் என்ற புதிய இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு அது. பாடலைக் கேட்டவர்களுள் பெரும்பாலோரின் நினைவில் வரிகள் தங்குவதில்லை. வரிகளுக்கு முன்பே தொடங்கிவிடும் ஹாமண்ட் ஆர்கன் (மின்சாரத்தால் இயங்கும் ஒரு விசைப்பலகை வாத்தியம்) இசைதான் தங்குகிறது. அந்த இசையை அமைத்தவர் பாடலின் படைப்பாளிகளுள் ஒருவரா, அல்லது பிறர் படைத்த பாடலுக்கு வாசித்துக்கொடுத்தவர் மட்டுமா என்ற கேள்வி 38 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறாமல் கிடந்தது. பிறகு மூன்று நிலை நீதிமன்றங்களைக் கடந்து, 2009 ஜூலை 30 அன்று, அப்போது பிரிட்டனின் இறுதி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் அதற்கு முடிவு கிடைத்தது.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இந்த ஆய்வில் தரப்படவில்லை. பியானோ வாசித்துப் பாடியவரைப் பாடகர் என்றும், வரிகளை எழுதியவரைக் கவிஞர் என்றும், மூன்றாமவரை ஆர்கன் கலைஞர் என்றும் குறிப்பிடுகிறேன். அவர்கள் யார் என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும் இந்தச் சிக்கல் அவர்களின் குணத்தால் விளைந்ததைவிட, ஓர் ஒப்பந்தத்துக்கும் ஓர் ஒத்திகைக்கும் இடையே கடந்த சில வாரங்களால் விளைந்தது என்றே கருதுகிறேன்.

பின்னணி: வரிகளும் மெட்டும்

பாடகர் இங்கிலாந்தின் சவுத்எண்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு ரிதம் அண்ட் புளூஸ் குழுவில் இருந்தவர். அந்தக் குழு 1966-இல் கலைந்தது. கவிஞருக்கு அப்போது இருபது வயது. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர் அறிமுகப்படுத்திவைக்க, கவிஞர் எழுதிக்கொடுப்பதும் பாடகர் பியானோவில் மெட்டமைப்பதுமாக வேலை தொடங்கியது. இந்த ஏற்பாட்டில் வரி ஒருவருடையது, இசை மற்றவருடையது; குழப்பத்துக்கு இடமில்லை. பின்னால் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள, இந்தத் தெளிவான தொடக்கத்தை மனத்தில் வைத்திருப்பது அவசியம்.

பாடலின் தலைப்பு ஒரு விருந்தில் காதில் விழுந்த பேச்சு. ஒருவர் ஒரு பெண்ணிடம், அவள் முகம் வெளிறியதற்கும் ஒரு படி மேலே வெளுத்துவிட்டதாகச் சொல்ல, கவிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். அதைச் சுற்றி அவர் எழுதியது ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உறவு, குடியும் கொண்டாட்டமுமான ஓர் இரவில் நிலைகுலைவதைக் காட்டும் நான்கு பத்திகள். நேரே கதை சொல்லாமல் திரைப்படக் காட்சிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் படிமங்களை அடுக்கிச் செல்லும் எழுத்து அது. ஆலைக்காரன் கதை சொல்வதாக ஓரிடத்தில் வருவதால், ‘ஆலைக்காரன் கதை’யை எழுதிய இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் தாக்கத்தைக் கண்டவர்கள் பலர். தாம் அந்தக் கதையைப் படித்ததே இல்லை என்று பாடலின் கவிஞர் மறுத்திருக்கிறார். பொருள் இவ்வளவு மங்கலான ஒரு பாடல், திருமண மேடைகளிலும் தேவாலய ஆர்கன்களிலும் காதல் பாடலாகவே நிலைபெற்றதற்கு வரிகள் காரணமாக இருந்திருக்க முடியாது.

மெட்டுக்கான தூண்டுதல் பழைய ஜெர்மானிய இசைமேதை பாக்கிடமிருந்து வந்தது. மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டில் வரும் ‘ஏர்’ என்ற பகுதியை அந்நாளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு சுருட்டு விளம்பரத்துக்கு ஜாஸ் வடிவில் பயன்படுத்திவந்தனர். அதன் அடிநாதம் படிப்படியாக, ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கும். பாடகர் அந்த இறக்கத்தைத் தம் பியானோவில் பிடித்து, அதன்மேல் பாடும் மெட்டை அமைத்தார். பாக்கின் மெட்டை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நடையை மட்டுமே எடுத்துக்கொண்டார். பாடகரும் பியானோவும் மட்டும் உள்ள மாதிரிப் பதிவு ஒன்றும் அப்போது உருவாயிற்று. பல ஆண்டுகள் கழித்து அது முக்கியமான சான்றாக நின்றது.

1967 மார்ச் 7 அன்று பாடகரும் கவிஞரும் அந்தப் பாடலின் சொல்லுக்கும் இசைக்கும் உள்ள பதிப்புரிமையை எசெக்ஸ் மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தனர். நிறுவனம் பாடலைச் சந்தைப்படுத்தி, வரும் ராயல்டியில் ஒரு பங்கை அவ்விருவருக்கும் தரும். அக்காலத்தில் எல்லோரும் செய்த ஏற்பாடுதான். தவறாக எதுவும் அதில் இல்லை. ஆனால் உலகம் பின்னர் கேட்ட பாடல் அந்தத் தேதியில் இன்னும் முழுமை பெற்றிருக்கவில்லை.

ஒத்திகையில் நடந்தது

தங்கள் பாடல்களைத் தாங்களே வாசிக்க ஒரு குழுவை அமைக்க இருவரும் முடிவு செய்தபோது, பியானோவும் ஆர்கனும் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. ‘மெலடி மேக்கர்’ வார இதழின் விளம்பரப் பகுதி வழியாக ஆர்கன் கலைஞருடன் தொடர்பு ஏற்பட்டது. அவர் முறையாக இசை பயின்றவர். அதைவிட முக்கியமாக, சொந்தமாக ஒரு ஹாமண்ட் ஆர்கன் வைத்திருந்தவர்.

ஒத்திகைகளில் பாடகர் தம் சுர வரிசையை வாசித்துக் காட்டினார். குழுவில் ஒவ்வொருவரும் தத்தம் வாத்தியத்துக்கு என்ன வாசிப்பது என்று தாமே கண்டுகொண்டனர். இப்படிப்பட்ட குழுக்களில் யாரும் யாருக்கும் இசைக்குறிப்பு எழுதிக்கொடுப்பதில்லை. ஆர்கன் கலைஞர் பாடலின் தொடக்கத்துக்கும் பத்திகளுக்கு இடைப்பட்ட பகுதிகளுக்குமாக எட்டு ‘பார்’ (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு தனி மெட்டை அமைத்தார். பாடகர் பாடும்போது பின்னால் ஓடும் எதிர்மெட்டையும் அவரே அமைத்தார். இவற்றிலும் பாக்கின் சாயல் உண்டு. ‘ஏர்’ மட்டுமின்றி, ‘வாக்கெட் அவுஃப்’ என்ற பாக்கின் தேவாலயப் பாடலின் கூறுகளும் இதில் கலந்திருப்பதை இசையறிந்தோர் சுட்டுவர். ஆயினும் அந்த எட்டு பாரை அப்படியே பாக்கின் ஏட்டில் எங்கும் காண முடியாது.

வாத்தியக்காரர் ஒருவர் ஒத்திகையில் தம் பகுதியைத் தாமே அமைத்துக்கொள்வதால் மட்டும் அவர் இசையமைப்பாளர் ஆகிவிடுவதில்லை. அன்று தாளமும் பேஸ் கிதாரும் வாசித்தவர்களும் தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்தவர்கள்தாம்; அவர்கள் யாரும் பின்னாளில் பங்கு கோரவில்லை. எனவே கேள்வி ஒருவர் எதையாவது அமைத்தாரா என்பதோடு நிற்பதில்லை. அமைத்தது பாடலிலிருந்து பிரித்தெடுக்க முடியாத, கணிசமான, சொந்தமான இசையா என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. ஒத்திகை நடந்த நாள்களில் இதை யாரும் கேட்கவில்லை.

பதிவும் வெற்றியும்

1967 ஏப்ரலில் லண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல் பதிவாயிற்று. தாளத்துக்கு ஜாஸ் கலைஞர் ஒருவரைக் கூலிக்கு அழைத்திருந்தனர். சில நாள்கள் கழித்துக் குழுவின் சொந்தத் தாளக் கலைஞரைக் கொண்டு மறுபடியும் பதிந்து பார்த்தும், முதலில் பதிந்ததையே வெளியிடுவது என்று தயாரிப்பாளர் முடிவு செய்தார். கவிஞர் எழுதிய நான்கு பத்திகளில் இரண்டுதான் இசைத்தட்டில் இடம்பெற்றன. நான்கு நிமிட அளவுக்குள் பாடலை அடக்க வேண்டியிருந்தது. பத்திகளை விட்டார்களே தவிர ஆர்கன் பகுதியைச் சுருக்கவில்லை. வரியா ஆர்கனா என்று வந்தபோது ஆர்கனைக் காப்பாற்றிய இந்தத் தேர்வு, அதன் மதிப்பைப் பற்றி அன்றைக்கே சொல்லப்பட்ட தீர்ப்பாக எனக்குப் படுகிறது.

கடலில் கப்பலிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பிக்கொண்டிருந்த ரேடியோ லண்டன் நிலையத்துக்குத் தயாரிப்பாளர் மாதிரிப் பிரதி ஒன்றை முன்கூட்டியே அனுப்பி நேயர்களின் போக்கைச் சோதித்தார். மே 12 அன்று டெராம் நிறுவனம் இசைத்தட்டை வெளியிட்டது. ஜூன் 8 அன்று பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து ஆறு வாரங்கள் அங்கேயே இருந்தது. அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. மொத்த விற்பனை ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியதாகக் கணக்கிடப்படுகிறது. 1977-இல் பிரிட்டிஷ் இசைத்துறை, அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளின் சிறந்த பாப் இசைத்தட்டு விருதை வேறொரு பாடலோடு சேர்த்து இதற்கும் அளித்தது.

இசைத்தட்டின் உறையில் படைப்பாளிகளாக இரண்டு பெயர்கள் இருந்தன. ஆர்கன் கலைஞரின் பெயர் அதில் இல்லை.

1967-இல் எடுத்த முடிவு

ஆர்கன் கலைஞர் அந்த ஆண்டிலேயே தமக்கும் பங்கு உண்டு என்ற பேச்சை எடுத்தார் என்றும், அவர் பேச்சு நிராகரிக்கப்பட்டது அல்லது கண்டுகொள்ளப்படவில்லை என்றும் பின்னர் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. வற்புறுத்தினால் குழுவிலிருந்து வெளியேற நேரும் என்று அஞ்சி அவர் மேலே வலியுறுத்தவில்லை.

அந்த அச்சத்தை மிகையென்று ஒதுக்க முடியாது. பாடல் முதலிடத்தில் இருந்த அந்தக் கோடையிலேயே கிதார் கலைஞரும் தாளக் கலைஞரும் மாற்றப்பட்டனர். அவர்களின் இடத்துக்குப் பாடகரின் பழைய குழுவினர் இருவர் வந்தனர். புதிதாகச் சேர்ந்த ஆர்கன் கலைஞர் இதைக் கண்முன்னே பார்த்தவர். கையில் உறுதியாக இருக்கும் வேலையையும் நிச்சயமில்லாத பங்கையும் எடைபோட்டால், அந்த வயதில் பெரும்பாலோர் வேலையைத்தான் தேர்ந்தெடுப்பர்.

எதிர்த் தரப்பின் நிலையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பாடகரின் பார்வையில் பாடல் மார்ச் மாதமே முடிந்துவிட்டது: சுர வரிசை அவருடையது, பாடும் மெட்டு அவருடையது, பாக்கை நோக்கிக் கைநீட்டிய எண்ணமும் அவருடையது. ஆர்கன் கலைஞர் செய்தது அந்தக் கட்டுக்குள் நல்ல வாசிப்பு. அதற்கு இசைத்தட்டு விற்பனையில் குழுவினருக்கு உரிய பங்கு கிடைக்கிறது. இதில் ஏமாற்று எண்ணம் இருந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. அக்காலத்து இசைத்துறையின் வழக்கமே அதுதான்: பாடும் மெட்டை அமைத்தவர் இசையமைப்பாளர், மற்றவையெல்லாம் இசைக்கோப்பு.

அதே ஆண்டின் இறுதியில் வந்த குழுவின் முதல் நெடுந்தட்டில், ஆர்கன் கலைஞர் தனியே அமைத்த ஒரு வாத்திய இசைக்கு அவர் பெயரே இடப்பட்டது. முழுதும் அவருடையதாக இருந்தால் பெயர் கொடுக்கத் தயங்காதவர்கள், கூட்டாக உருவானதில் மட்டும் தயங்கினார்கள் என்றால், பிரித்துப் பார்க்க முடியாத பங்கை எப்படி அளப்பது என்பதற்கு அவர்களிடம் ஒரு முறையே இருக்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இடைப்பட்ட 38 ஆண்டுகள்

ஆர்கன் கலைஞர் 1969-இல் குழுவை விட்டு விலகினார். பின்னர் கணினி நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொண்டார். குழு 1990-களின் தொடக்கத்தில் மீண்டும் கூடியபோது அவரும் சேர்ந்தார்; அதே பாடலை அதே மேடைகளில் அதே பாடகரோடு பல ஆண்டுகள் வாசித்தார். அப்போதும் வழக்கு இல்லை. ராயல்டி பாடகருக்கும் கவிஞருக்கும் பதிப்பு நிறுவனத்துக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அவர் மறுபடியும் குழுவிலிருந்து பிரிந்தார்.

இதற்கிடையே பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் இதையொத்த வழக்குகள் வந்தன. 1999-இல் ஸ்பாண்டவ் பாலே குழுவினர் சிலர் தங்கள் குழுவின் பாடல்களில் பங்கு கேட்டுத் தொடுத்த வழக்கு தோற்றது. அவர்கள் செய்தது வாசிப்பு, இசையமைப்பு அன்று எனத் தீர்ப்பாயிற்று. அடுத்து, ‘யங் அட் ஹார்ட்’ என்ற பாடலின் பதிவுக்குக் கூலிக்கு வந்து வயலின் வாசித்த கலைஞர் ஒருவர், தாம் அமைத்த வயலின் பகுதிக்காகப் பல ஆண்டுகள் கழித்து வழக்குத் தொடுத்து வென்றார். 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காலம் கடந்தாலும் ஒரு வாத்தியப் பகுதி கூட்டுப் படைப்பாக ஏற்கப்படலாம் என்பது இதனால் தெளிவானது.

2005 மே 31 அன்று ஆர்கன் கலைஞர் வழக்குத் தொடுத்தார். பிரதிவாதிகள் பாடகரும், எசெக்ஸ் மியூசிக்கிடமிருந்து உரிமை பெற்றிருந்த பதிப்பு நிறுவனமும். வரிகளின் உரிமை பற்றிக் கேள்வி எழாததால் கவிஞர் வழக்கில் தரப்பினராக இல்லை.

உயர் நீதிமன்றம், 2006

விசாரணையில் நீதிபதி முன் இருந்தவை ஒரு மாதிரிப் பதிவும், ஓர் இசைத்தட்டும், முப்பத்தொன்பது ஆண்டு பழைய நினைவுகளும். மாதிரிப் பதிவில் இல்லாதது எது, இசைத்தட்டில் இருப்பது எது என்று ஒப்பிட முடிந்ததுதான் வழக்கின் திருப்பம். மார்ச்சில் எழுதிக்கொடுக்கப்பட்ட பாடலையும் ஏப்ரலில் பதிவான படைப்பையும் இரு வேறு பொருள்களாக நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. இப்படிப் பிரித்துவிட்டால், மார்ச் 7 ஒப்பந்தம் முதலாவதைப் பற்றியது. இரண்டாவதில் யாருக்கு என்ன பங்கு என்பது திறந்த கேள்வி ஆகிவிடுகிறது.

2006 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. ஆர்கன் பகுதி பாடலுக்குக் கணிசமான, தனித்தன்மை கொண்ட பங்களிப்பு என நீதிபதி முடிவு செய்து, மூன்று விளம்புகைகளை (உரிமை நிலையை அறிவிக்கும் நீதிமன்ற அறிவிப்புகளை) வழங்கினார். ஆர்கன் கலைஞர் அந்தப் படைப்பின் கூட்டுப் படைப்பாளி என்பது முதலாவது. இசைக்கான பதிப்புரிமையில் அவருக்கு 40 விழுக்காடு உண்டு என்பது இரண்டாவது. அதுவரை அவர் வாயால் சொல்லாமலே பிறருக்கு அளித்திருந்த பயன்பாட்டு உரிமம் வழக்குத் தொடுத்த நாளோடு முடிந்துவிட்டது என்பது மூன்றாவது. அவர் கேட்டது பாதி. ஆனால் பாடும் மெட்டும் சுர வரிசையும் பாடகருடையவை என்பதால் 40-க்கு மேல் போக நீதிபதி உடன்படவில்லை.

மூன்றாம் விளம்புகை கூர்ந்து பார்க்கத் தக்கது. உரிமம் 2005 மே 31 அன்றுதான் முடிந்தது என்றால், அதற்கு முன் நடந்த எல்லாப் பயன்பாடும் அனுமதியோடு நடந்தவை. அவற்றுக்குப் பணம் கேட்க முடியாது. மௌனத்தின் விலையை மௌனம் காத்தவரே செலுத்தினார்.

பாடகர் தரப்பு இந்தத் தீர்ப்பால் கலங்கியது. ஒரு பதிவில் வாசித்த எவரும் பல ஆண்டுகள் கழித்துப் பங்கு கேட்டு வரலாம் என்ற நிலை உருவாகிவிட்டதாக அவர்கள் வெளிப்படையாகக் கவலை தெரிவித்து மேல்முறையீடு செய்தனர்.

மேல்முறையீட்டு நீதிமன்றம், 2008

2008 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதி வழி மட்டும் வந்தது. ஆர்கன் கலைஞர் கூட்டுப் படைப்பாளி என்பதை அது ஏற்றது. ஆனால் 38 ஆண்டுக் காலதாமதத்துக்கு விளக்கமில்லை என்றும், அத்தனை ஆண்டுகள் பிறர் அந்தப் பாடலைத் தமதென நம்பிக் கையாள விட்டுவிட்டுப் பின்னர் பங்கு கேட்பது நியாயமாகாது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கருதியதால், 40 விழுக்காடு ரத்தாயிற்று.

பெயர் உண்டு, பங்கு இல்லை என்ற இந்த நிலை பார்வைக்குச் சமரசம் போலத் தோன்றும். எனக்கு அது ஏற்புடையதாகப் படவில்லை. படைப்பாளி என்று ஏற்றுக்கொண்டால் பதிப்புரிமை அவரிடம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அது ஒரு சொத்து. அந்தச் சொத்து எந்த நாளில், எந்தச் செயலால் அவர் கையைவிட்டுப் போயிற்று என்ற கேள்விக்கு, காலம் கடந்துவிட்டது என்பதைத் தவிர வேறு பதில் அந்தத் தீர்ப்பில் வலுவாக இல்லை.

பிரபுக்கள் சபை, 2009

இறுதி மேல்முறையீட்டை ஐந்து நீதிபதிகள் கேட்டனர். பிரிட்டனின் இறுதி நீதிமன்றப் பொறுப்பு பிரபுக்கள் சபையிடமிருந்து அந்த ஆண்டு அக்டோபரில் புதிய உச்ச நீதிமன்றத்துக்கு மாற இருந்தது. சபை தன் கடைசித் தீர்ப்புகளை வழங்கிய நாளில் இதுவும் வந்தது. ஐவரும் ஒருமனதாக 2006 தீர்ப்பின் மூன்று விளம்புகைகளையும் மீட்டளித்தனர்.

காரணங்களைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வாறு அமையும். பதிப்புரிமையில் உடைமை கோருவதற்குச் சட்டத்தில் கால வரம்பு இல்லை. காலதாமதம் என்ற தடை, நீதிமன்றம் தன் விருப்புரிமையின்படி வழங்கும் பரிகாரங்களுக்குப் பொருந்தும். உள்ள உடைமையை உள்ளது என்று அறிவிப்பதற்கு அது குறுக்கே நிற்காது. முரண்தடையை, அதாவது முன்பு நடந்துகொண்டதற்கு மாறாகப் பின்னர் உரிமை கோருவதற்கான தடையை, எழுப்ப வேண்டுமானால், ஆர்கன் கலைஞரின் மௌனத்தை நம்பித் தாங்கள் ஏதேனும் செய்து அதனால் பாதிப்படைந்ததாக எதிர்த் தரப்பு காட்ட வேண்டும். அவர்களால் அதைக் காட்ட முடியவில்லை. மாறாக, அவருக்குச் சேர வேண்டியிருந்த பங்கையும் சேர்த்து 38 ஆண்டுகள் அவர்களே பெற்றுவந்தனர். தாமதத்தால் நட்டப்பட்டவர் தாமதித்தவர்தாம்.

குழுவினர் கையெழுத்திட்டிருந்த பதிவு ஒப்பந்தத்தின் மூலம் ஆர்கன் கலைஞரின் இசைப் பதிப்புரிமையும் பதிப்பு நிறுவனத்துக்குப் போய்விட்டது என்ற வாதமும் ஏற்கப்படவில்லை. வாசிப்பைப் பதிந்து விற்கும் உரிமை ஒன்று. இசையமைப்பின் பதிப்புரிமை வேறொன்று. முதலாவதைக் கொடுத்தவர் இரண்டாவதையும் கொடுத்ததாகச் சொல்லாமலே கொள்ள முடியாது.

நீதிபதிகளில் ஒருவர், அறுபதுகளை நினைவில் வைத்திருப்பவர்களுள் தாமும் ஒருவர் என்றும், மறக்க முடியாத அந்த ஆர்கன் பகுதியைப் படைத்தவருக்கு உரிய ஏற்பு கடைசியில் கிடைத்ததில் மகிழ்ச்சி என்றும் தம் தீர்ப்புரையில் எழுதினார். சட்ட உரைகளில் இப்படி ஒரு வரி வருவது அரிது.

தொடர்ந்தவை

பாடலின் படைப்பாளிகள் பட்டியல் மூன்று பெயர்களாயிற்று. பாடகர் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். பாடலையும் மேடைகளில் தொடர்ந்து பாடினார். அஞ்சப்பட்டபடி வழக்குகள் வெள்ளமெனப் பெருகவில்லை. பெரும்பாலான வாத்தியப் பகுதிகள் ‘கணிசமான சொந்தப் பங்களிப்பு’ என்ற அளவுகோலைத் தாண்டுவதில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். 2009 தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்புதான், பிரிட்டனில் அதற்கு முந்தைய 75 ஆண்டுகளில் பொது இடங்களில் மிக அதிகமாக ஒலித்த இசைத்தட்டு இதுவே என அறிவிக்கப்பட்டிருந்தது. பிற கலைஞர்கள் செய்த மறுபதிவுகள் தொள்ளாயிரத்தைத் தாண்டும். அவற்றுள் அந்த எட்டு பாரைத் தவிர்த்தவை குறைவு. அதுவே ஆர்கன் கலைஞரின் வாதத்துக்கு நீதிமன்றத்துக்கு வெளியே கிடைத்த சான்று எனலாம்.

வேறு விதமாகச் செய்திருக்கக் கூடியவை

பதிப்புரிமையை மார்ச்சில் எழுதிக்கொடுத்தது தவறன்று; பதிவு முடிந்தபின் யாரும் அதைத் திறந்து பார்க்காததுதான் குறை. ஏப்ரலில் பதிவுக் கூடத்தை விட்டு வெளியேறும்போது, யார் எதைச் செய்தார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திட்டிருந்தால் வழக்குக்கு இடமே இருந்திருக்காது. இன்று மேலை நாட்டு இசைத்துறையில் அப்படி ஒரு பங்கீட்டுத் தாளைப் பதிவு நாளிலேயே நிரப்புவது பரவலான நடைமுறை. பாடல் வெற்றி பெறுவதற்கு முன் அதை நிரப்புவது எளிது, ஏனெனில் அப்போது பங்கிடுவதற்குப் பணம் எதுவும் இல்லை. முதலிடத்துக்கு வந்தபின் ஒவ்வொரு விழுக்காடும் கனத்துவிடுகிறது.

ஆர்கன் கலைஞரின் பக்கத்தில், குழுவில் இருந்த காலத்தில் அவர் பேசாமலிருந்ததற்குக் காரணம் உண்டு. 1969-இல் விலகியபின் அந்தக் காரணம் இல்லை. அன்றே ஒரு கடிதத்தின் மூலமேனும் தம் கோரிக்கையைப் பதிவு செய்திருந்தால், உட்கிடையான உரிமம் தொடர்ந்தது என்று கொள்ள வழி இருந்திருக்காது. எழுபதுகளின் ராயல்டியிலும் அவருக்குப் பங்கு கிடைத்திருக்க வாய்ப்புண்டு. 2006 தீர்ப்பை வென்ற பிறகும் அவர் இழந்தது இழந்ததுதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கூட்டுப் படைப்பை ஏறத்தாழ பிரிட்டிஷ் சட்டத்தின் சொற்களிலேயே வரையறுக்கிறது: ஒருவரது பங்களிப்பு மற்றவரதிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கூட்டுழைப்பால் உருவான படைப்பு. ஒலிப்பதிவுக் கூடத்தில் இடையிசையைத் தாமே அமைத்துக்கொடுக்கும் கலைஞர்கள் இங்கும் உண்டு. அவர்களுள் யாரேனும் இதே கேள்வியை எழுப்பினால் நம் நீதிமன்றங்கள் இந்தத் தீர்ப்பைப் பின்பற்றக் கடமைப்பட்டவை அல்ல என்றாலும், அதை எடுத்துப் பார்க்கக்கூடும்.

பாடகர் தரப்பு அன்று கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு விளைவும் உண்டு. பிரிட்டிஷ் சட்டப்படி கூட்டுப் படைப்பின் பதிப்புரிமை, படைப்பாளிகளுள் கடைசியாக மறைபவரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கும். 2013 நவம்பர் முதல், ஒரு பாடலின் சொல்லும் இசையும் ஒன்றுக்கொன்று சேர உருவானவையாக இருந்தால் இந்த விதி இரண்டுக்கும் சேர்த்தே பொருந்தும். பாடகர் 2022 பிப்ரவரியிலும் கவிஞர் 2023 மார்ச்சிலும் காலமாயினர். அவ்விருவர் மட்டுமே படைப்பாளிகளாக இருந்திருந்தால் எழுபது ஆண்டுக் கணக்கு 2023-லிருந்து ஓடத் தொடங்கியிருக்கும். ஆர்கன் கலைஞர் அவர்களுக்குப் பின்னும் வாழ்வதால் அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. அவர் வாழும் ஒவ்வோர் ஆண்டும் பாடகரின் வாரிசுகளுக்கும் கவிஞரின் வாரிசுகளுக்கும் சேர வேண்டிய ராயல்டிக் காலத்தை ஓர் ஆண்டு நீட்டுகிறது.